குளிர்பெட்டியில் பதினாறு குப்பிகள்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. அதில் இரண்டு கட்டங்கள். மாதிரிகளை வைத்துக்கொள்ளலாம். அழித்துவிடலாம். கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் தொடக்கம்: "என் மனைவி இறந்து நாற்பது நாள் ஆகிறது." மொட்டையாக இருக்கிறது.

இரண்டாவது: "நம் உடம்பில் நாம் மட்டும் குடியிருப்பதில்லை." கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.

மொட்டையே இருக்கட்டும்.

2

கட்டுரையும் கொஞ்சம் தேவைப்படுகிறது. பெண்ணுடம்பில் பிறப்பு வழியைக் காக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அங்கே ஒரு புளிப்பை வைத்திருந்து மற்றக் கிருமிகளை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். அவை குறைந்தால் வேறு கூட்டம் ஏறும். பலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்குப் பனிக்குடம் முன்னதாக உடையும், கிருமி ரத்தத்தில் கலக்கும். என் மனைவி அந்தச் சிலரில் ஒருத்தி. ஆறாம் மாதம். குழந்தையும் பிழைக்கவில்லை.

இதை ஆராயும் கூடம் ஒன்றுக்கு அவள் வாரம் ஒரு பஞ்சுக்குச்சி எடுத்து, குப்பியில் போட்டு, தேதி எழுதிக் கொடுத்தாள். பதினாறு வாரம். ஒன்றுகூடத் தவறவில்லை.

"உள்ள கோடிப் பேர் இருக்காங்களாம். உன் சொந்தக்காரங்களவிட அடக்கமா இருக்காங்க" என்பாள்.

3

இன்று ஆய்வுக்கூடப் பெண் படிவத்தோடு வீட்டுக்கு வந்தாள்.*

"பன்னெண்டாவது குப்பியிலயே கூட்டம் மாறியிருக்கு சார்."

என் மனைவி போவதற்கு ஒரு மாதம் முன்னால்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"அப்ப நாங்க பாக்கல சார். எல்லாரோடதும் சேந்தப்புறம் மொத்தமாத்தான் மெஷின்ல ஓட்டிப் பாப்போம்."

"அதுவரைக்கும்?"

"ஃப்ரீசர்ல இருக்கும்."

என் அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள்: "துணி துவைக்கிற மாதிரியாம்மா? கூடை நெறஞ்சாத்தானா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "மாறின எல்லாருக்கும் இப்படி ஆகல சார். ஏன்னு தெரியணும். ஒரு வாரம்கூட விடாம குடுத்தது மேடம் மட்டுந்தான்."

* இவளைக் கர்ப்பிணியாக எழுதிப் பார்த்தேன். நீங்கள் உடனே அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அந்த வரியை அடித்துவிட்டேன். வில்லியாகவும் எழுதிப் பார்த்தேன். ஆனால் அவள் கண் சிவந்திருந்தது. பொருந்தவில்லை.

4

ஆய்வில் சேர்ந்த அன்று நான் —

சேர்ந்த அன்று படிவத்தை நிரப்பியது —

(எழுதித்தான் ஆக வேண்டும்.) அன்றைய படிவத்தை நிரப்பியது நான். என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், "நீயே போடு" என்றாள். 'அசாதாரணமாக ஏதாவது தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா?' வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். வீணாகப் பயப்படுவாள் என்று.

இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"நீங்க வேணும்னு போட்டிருந்தாலும் நாங்க அப்ப பாத்திருக்க மாட்டோம் சார்."

ஆறுதலாம். என் குற்றத்தையும் பிடுங்கிக்கொண்டாள்.

5

முடிவுகள்.

அழிக்கச் சொல்லலாம். கொதிநீராவியில் வேகவைத்துக் கொட்டிவிடுவார்கள். அந்தக் குளிரிலும் சில நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்குமாம். என் மனைவியிடமிருந்து உயிரோடு மிச்சம் அவைதான். அவற்றையும் நான் கொல்ல வேண்டும்.

வைத்துக்கொள்ளக் கொடுக்கலாம். பல வருடம் கழித்து எவளோ ஒருத்தியிடம் நேரத்தோடு சொல்வார்கள். அவள் பிழைப்பாள். எனக்கு அந்த எவளோ ஒருத்தியின் மேல்கூடக் கோபம் வருகிறது. இதை அழகாகச் சொல்ல வழி தேடினேன், இல்லை.

நான் பேனாவை எடுத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'இனி வருகிறவர்களுடையதை வாராவாரம் பார்ப்பீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அழியுங்கள்.' டிக் போட்டு, கையெழுத்துப் போட்டேன்.

"இப்படி ஒரு கட்டமே கெடையாது சார்."

"இப்ப இருக்கு."

"எங்க மேடம் ஒத்துக்க மாட்டாங்க."

"கேளும்மா," என்றாள் அக்கா. "இங்கயே, எங்க முன்னாடி கேளு."

அந்தப் பெண் கைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். "ஆமா மேடம்… இல்ல மேடம், அவரே வரைஞ்சுட்டாரு…" மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரிந்தாலும் எழுத மாட்டேன். சரி என்றார்கள் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

நிம்மதியாக இருக்காதீர்கள்.