காப்பு வாரத்து விசாரணை

மாடத்திக்கு முதலில் அழகுராஜா மேல் கோபம் வரவில்லை. அவர் முதலாளி, லாபம் பார்க்கத்தான் செய்வார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்ததெல்லாம் சொந்த ஊர்க்காரர்கள் மேல்தான்.

வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவளுடைய தென்னந்தோப்பு பள்ளத்தில் இருக்கிறது. மேட்டில் இருக்கும் மாந்தோப்பு அழகுராஜாவுடையது. அவர் பிறந்தது இந்த ஊர், பிழைப்பு ராஜபாளையத்தில். அந்தத் தோப்பை விவசாய நிலத்திலிருந்து தொழிற்சாலை நிலமாக மாற்றித் தரச் சொல்லி மனுப் போட்டிருந்தார். மாற்றிக் கொடுத்தால் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலை வரும். வெளுத்த தண்ணீர் மலைமேலா ஏறப்போகிறது? நேரே மாடத்தியின் கிணற்றுக்குத்தான் இறங்கும். அந்தக் கிணறு போனால் தோப்பு போச்சு, தோப்பு போனால் குடும்பம் தெருவில். அதற்கும் கீழே இருக்கிற ஊர்க் கிணறுகளும் தப்பாது.

ஆட்சேபணை உள்ளவர்கள் வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு அலுவலகத்தில் நேரில் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. ஊரே போவதென்று பேசி, வேனும் பிடித்தாயிற்று. அப்போதுதான் பூசாரி உக்கிரபாண்டி, காளியம்மன் பொங்கலுக்கு இந்த வருசம் முந்தியே காப்புக் கட்டப்போவதாக ஊர்க்கூட்டத்தில் சொன்னார். காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டக் கூடாது. வியாழக்கிழமை அதற்குள் அடங்கிவிட்டது.

கோயிலுக்குப் புது மணி வாங்கிக் கொடுத்த அழகுராஜாவும் கூட்டத்தில் இருந்தார். "நானும் இந்த மண்ணுல பொறந்தவன்தான். பொங்கல் முடியுமட்டும் இங்கனதான் கெடப்பேன்" என்றார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வதில் இந்த ஊரை அடிக்க ஆள் கிடையாது.

"காப்புக் கட்டியிருக்கோம்னு சொன்னா ஆபீசர் தேதிய மாத்திருவாரு" என்றான் அவள் புருசன் வீரணன்.

"ஆபீசருக்கு நம்ம காளியாத்தாவத் தெரியுமாக்கும்?"

"சாமி காரியத்துல வெளையாடாத ஏட்டி. நான் வரமாட்டேன். நீயும் போகப்பிடாது."

வியாழக்கிழமை காலை அவள் தனியாகப் பஸ் ஏறினாள். எல்லைக்கல்லைத் தாண்டும்போது பயமாகத்தான் இருந்தது. ஆத்தா, நீயே பாத்துக்கோ என்று கும்பிட்டுக்கொண்டாள்.

அலுவலகத்தில் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. முன் பெஞ்சில் வக்கீலோடு அழகுராஜா உட்கார்ந்திருந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றியில் காளியம்மன் கோயில் குங்குமம்.

"பொங்கல் முடியுமட்டும் எல்லைக்குள்ள கெடப்பேன்னீகளே?"

அவர் சங்கடப்படவே இல்லை. "பூசாரி பூப்போட்டுப் பாத்தாரு, மாடத்தி. ஆத்தா உத்தரவு குடுத்துட்டா."

மாடத்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊருக்கெல்லாம் வாயை மூடிக்கொண்ட ஆத்தா, கார் வைத்திருப்பவருக்கு மட்டும் பூக் கொடுக்கிறாளா? ஆத்தா கொடுக்கவில்லை, உக்கிரபாண்டி கொடுத்திருக்கிறான். போனை எடுத்து அழகுராஜாவை அங்கேயே படம் பிடித்தாள்.

அதிகாரி ஒரு பெண். மாடத்தி கிணற்றைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"வேற யாரும் வரலையாம்மா?"

"காப்புக் கட்டிக் கெடக்காக. அடுத்த வாரம் வச்சீகன்னா அம்புட்டுப் பேரும் வருவாக."

வக்கீல் எழுந்தார். "மேடம், என் கட்சிக்காரரும் அதே ஊர்தான். அவர் வந்திருக்காரே. ஊருக்குச் சம்மதம், அதான் வரலை. இந்த அம்மா ஒருத்தர்தான் எதிர்க்கிறாங்க."

அதிகாரி இருவரையும் பார்த்தாள். "வராதவங்களுக்காக நான் எதையும் எழுத முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு விசாரணையை முடித்தாள்.

சாயங்காலம் மாடத்தி பஸ்ஸை விட்டு இறங்கியபோது எல்லைக்கல் அருகே ஊரே நின்றிருந்தது. உக்கிரபாண்டி முன்னால் நின்றார். வீரணன் கூட்டத்தின் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"சாமி குத்தம் பண்ணிட்ட. பொங்கல் முடியுமட்டும் ஊருக்குள்ள வரக்கூடாது" என்றார் பூசாரி.

மாடத்தி போனிலிருந்த படத்தை எல்லாரும் பார்க்கும்படி நீட்டினாள். "இவரு எங்க உக்காந்திருக்காருன்னு பாருங்க. நீங்க வராததக் காட்டித்தான் ஊருக்கே சம்மதம்னு வக்கீல் சொன்னான்."

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.

"அவிய உத்தரவு வாங்கிட்டுப் போனாக" என்றார் பூசாரி. "நீ வாங்குனியா?"

அதற்கும் சிலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் மாடத்திக்கு இருந்த பயமும் விட்டுப்போயிற்று.

"சரி, நான் உத்தரவு வாங்கல. மேட்டுலருந்து வெளுத்த தண்ணி எறங்கி வரும். அதுவும் வாங்காது. அன்னைக்கும் இதே இடத்துல வந்து நில்லும். காப்புக் கட்டியிருக்கோம், எல்லை தாண்டாதன்னு அதுகிட்டச் சொல்லும்."

பூசாரியை விலக்கிக்கொண்டு அவள் ஊருக்குள் நடந்தாள். தடுக்க ஒருத்தர் கையும் எழவில்லை.