பிசிறு

“டம்மிதான்டி அது, சிமெண்ட்டு. சிமெண்ட்டுக்குப் போயி எவளாவது—”

“சிமெண்ட்டுன்னு எனக்கும் தெரியும் மாமா, நான் கேக்கறது—”

“—பயப்படுவாளா? தூக்கிப் பாரு. சும்மா தூக்கிப் பாரு.”

“—எதுக்குப் பதிலா சிமெண்ட்டுன்னு கேக்கறேன். காது கேக்குதா இல்லையா?”

“கேக்குது. குடிகாடு வரைக்கும் கேக்குது. கொஞ்சம் கொறைச்சிக்கோ.”

பட்டறையின் நடுமேசையில், இருவருக்கும் இடையில் அது கிடந்தது. பால் கேன் நீளம். கறுப்பு வண்ணம். ஒரு முனை மழுங்கலாக, மறுமுனையில் நாலு பக்கமும் கை அகலத்துக்குச் சின்னச் சின்னத் தகடுகள் நீட்டிக்கொண்டு. அன்று காலை சென்னையிலிருந்து வண்டியில் வந்த மரப்பெட்டியின் மேல் ‘சுமை நான்கு’ என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் சுமை கேமரா, இரண்டாவது ஒலிபெருக்கி, மூன்றாவது மாலதியின் மருந்துப் பெட்டி. மூன்றுக்கும் பெயர் இருந்தது. இதற்கு எண் மட்டும்தான்.

“இதோ பாரு மாலதி,” கார்த்திகேசன் குரலை இறக்கினான். கட்டிய மனைவியிடம் தோற்றுவிடுவோம் என்று தெரிந்தால் அவன் குரல் இப்படித்தான் இறங்கும். “நாம பண்றது தட்டு. கேரியர் விக்கிறவன், உள்ள சாம்பார் ஊத்துவியா ரசம் ஊத்துவியான்னு கேட்டுக்கிட்டா விக்கிறான்?”

“சாம்பாருக்கு ரெக்கை எதுக்கு மாமா?”

ஜன்னலோரம் அரத்தோடு உட்கார்ந்திருந்த, பட்டறையின் பழைய ஆள் கண்ணாயிரம் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். கார்த்திகேசன் அவரை ஒரு முறை, மேசையை ஒரு முறை பார்த்துவிட்டு, செல்போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனான். போன் அடிக்கவே இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

அவர்கள் செய்வது ட்ரோன் இல்லை. ட்ரோன் சென்னைக் கம்பெனியிலிருந்து வரும். ட்ரோனின் வயிற்றுக்கும் அது தூக்கிப் போகிற சாமானுக்கும் நடுவில் ஒரு தட்டு வேண்டும் அல்லவா, அதுதான் கடலூரில் இந்தத் தகரக்கூரைக்குக் கீழே உருவாகிறது. அந்தத் தட்டை யோசித்தவள் மாலதி. சாப்பாட்டுக் கேரியரின் இரண்டு பக்கமும் மடங்கிப் பிடிக்கும் பட்டை இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் செய்தாள். அடியில் கொண்டுபோய் அழுத்தினால் டக்கென்று கவ்வும். எந்த அடுக்கையும் எந்த அடுக்குக்குக் கீழேயும் மாட்டலாம். திருகாணி கிடையாது, சாவி கிடையாது, சரியாக மாட்டியிருக்கிறோமா என்று குனிந்து பார்க்க வேண்டியதும் கிடையாது. ஈரக்கையோடு, இருட்டில், படிக்காத ஆள்கூட மாட்ட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தாள். ஏனென்றால் அவள் மனசில் இருந்தது வெள்ளம்.

சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக் கரையில் அவளுடைய அம்மா ரத்தினம்மாள் தனியாக இருக்கிறாள். ஆற்றில் தண்ணீரைத் திறந்துவிட்ட ஒரு வருஷம் ஊரைச் சுற்றிலும் தண்ணீர் நின்று, படகு வந்து சேர்வதற்குள் ரத்தினம்மாளின் சர்க்கரை ஊசி மருந்து தீர்ந்துபோனது. காலில் இருந்த சின்னக் காயம் சேற்றுத் தண்ணீரில் ஊறிப் புரையோடி, சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. “வெரல்தானே போச்சு, நடக்கறதுக்குப் பாதம் இருக்குது” என்று அவள் சொன்னபோது மாலதிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்தில் செய்ததுதான் அந்த மருந்துப் பெட்டி. மேலேயே நின்றுகொண்டு ட்ரோன் பெட்டியைக் கயிற்றில் இறக்கும், கிணற்றில் வாளி இறக்குகிற மாதிரி, மெதுவாக. ஊரில் முதல் தடவை இறக்கிக் காட்டியபோது பிள்ளைகள் அடியில் நின்று கைகளை ஏந்திக்கொண்டார்கள். முட்டை வைத்து அனுப்பியிருந்தாள். ஒன்றுகூட உடையவில்லை.

ஆனால் அன்றைக்கே கயிறு ஒரு தென்னை மட்டையில் சிக்கிக்கொண்டு, ட்ரோன் தத்தளித்து, மரத்தோடு போய் மோதப் பார்த்தது. அதனால் திரும்பி வந்ததும் இன்னொன்றைச் சேர்த்தாள். கீழே நிற்கிறவர் ஒரு பொத்தானை அமுக்கினால் தட்டின் பிடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்து, தொங்குவதை அப்படியே விட்டுவிடும். ஆபத்துக்கு மட்டும். அதைத் தவிர வேறெதற்கும் அமுக்கக் கூடாது என்று சிவப்பு வண்ணம் அடித்தாள்.

இப்போது மேசையில் கிடந்த கறுப்புச் சாமானுக்குக் கயிறு இல்லை. கயிறு கட்டுவதற்கான காதும் இல்லை. சிவப்புப் பொத்தான் மட்டும் போதும் அதற்கு. அவளிடம் புதிதாக எதையும் செய்யச் சொல்லிக் கம்பெனிக்காரர்கள் கேட்கவில்லை; தேவையான எல்லாவற்றையும் அவளே முன்னமே செய்து வைத்திருந்தாள்.

மறுநாள் ஞானசேகரன் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம், இப்போது தட்டை வாங்குகிற அந்தச் சென்னைக் கம்பெனியில் இருக்கிறார். வந்ததும் கண்ணாயிரத்திடம் “அண்ணே, சௌக்கியமா? முட்டி வலி எப்படி இருக்குது?” என்று கேட்பார். மாலதிக்கு அவரை வெறுக்க வரவில்லை. அதுவே ஒரு தொந்தரவாக இருந்தது.

“நாலாவது என்ன சார்?” டீ டம்ளரைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“நான் சொல்லக் கூடாது மேடம். நீங்க கேக்கவும் கூடாது. ரெண்டு பேருமே கையெழுத்து போட்டிருக்கோம்.” அவர் டீயை ஊதிக் குடித்தார். “ஆனா நீங்க கேப்பீங்கன்னு தெரியும். நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்.”

“இந்தத் தட்ட நான் மருந்துக்குன்னு பண்ணேன் சார்.”

“மருந்தும் போவுது மேடம். பனிமலையில நம்ம பசங்க நிக்கிறாங்க, ஒரு தலைவலி மாத்திரைக்கு ஒரு நாள் நடக்கணும். இனிமே அது உங்க தட்டுலதான் போவும். காலைல மருந்து, மத்தியானம் கேமரா, சாயங்காலம் தேவைப்பட்டா… வேற. ஒரே ட்ரோன். கழட்டி மாட்டுறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆவல.” தட்டை எடுத்து, பேரப்பிள்ளையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி விரலால் தடவினார். “நாலு கம்பெனித் தட்டு பார்த்தேன். எல்லாம் அதுக்கு இது, இதுக்கு அதுன்னு பூட்டி வச்சிருக்கான். உங்களுது ஒண்ணுதான் எதைக் குடுத்தாலும் வாங்கிக்குது.”

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். கார்த்திகேசன் முகம் மலர்ந்துபோய், “அவ மூளை சார் அது, என்னுது வெறும் ஸ்குரூ டிரைவர்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாலதியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தாடை வலித்தது.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவள் கம்ப்யூட்டரில் தட்டின் படத்தைத் திறந்து ஒரு சின்ன மாற்றம் செய்தாள். உள்பக்க ஓரத்தில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு முளை. அவ்வளவுதான். மருந்துப் பெட்டியின் மூடியில் அந்த முளைக்கு ஒரு குழி. பட்டறையில் இருந்த கேமராவின், ஒலிபெருக்கியின் மேல்மூடிகளிலும் ஒரு குழி. நான்காவதற்குக் கிடையாது. அது வந்து அழுத்தினால் முளை இடிக்கும், பிடி கவ்வாது. சோதனை அன்றைக்கு, எல்லோர் முன்னாலும், “உக்கார மாட்டேங்குது சார்” என்று சொல்லலாம். அவர்கள் வேறு தட்டு செய்துகொள்வார்கள், அது தெரியும். செய்துகொள்ளட்டும். தன் தட்டாக இல்லாமல் இருந்தால் போதும். இது சின்னப்பிள்ளைத்தனம் என்பதும் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட புருஷனை, நாலு குடும்பம் சாப்பிடுகிற பட்டறையை, பனிமலையில் நிற்கிற யாரோ பெற்ற பிள்ளைகளை எல்லாம் ஒரு பக்கம் வைத்தால், மறுபக்கத்தில் வைப்பதற்கு அவளிடம் அந்தத் துவரம்பருப்புதான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சோதனைக்கான தட்டைச் செய்ய, படத்தைப் புதுச்சேரியில் கடைசல் போடுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டாள்.

இதற்கிடையில் தினமும் அம்மாவின் போன்.

“மழைக்கு முன்னாடி ஒருக்கா எறக்கிக் காட்டிடு கண்ணு. பஞ்சாயத்துல சொல்லிட்டேன். வானத்துலேர்ந்து எம் பொண்ணு கேரியர் எறக்குவா, எல்லாரும் வந்து பாருங்கன்னு தண்டோரா போடாத கொறதான்.”

“அடுத்த வாரம் வர்றம்மா. இந்த வேல ஒண்ணு முடியட்டும்.”

“என்னா வேல?”

“தட்டு வேலதாம்மா.”

“அதான் எனக்குத் தெரியுமே,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ரத்தினம்மாள் போனை வைத்தாள்.

சோதனைக்குக் கம்பெனிக்காரர்கள் பிடித்திருந்த இடம் சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகிற பக்கம், யாரோ இறால் வளர்த்து நஷ்டப்பட்டுக் கைவிட்ட குட்டைகள். விடிந்ததும் வேனில் கிளம்பினார்கள். சிதம்பரத்தில் டிபனுக்கு நிறுத்தியபோது கண்ணாயிரம் வயிறாரச் சாப்பிட்டார், மாலதி காபியோடு நிறுத்திக்கொண்டாள். வேனில் மறுபடி ஏறும்போது கோபுரம் கண்ணில் பட்டது. கண்ணாயிரம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “நல்லபடியா உக்காரணும்” என்றார். உட்காரக் கூடாது என்று வேண்டிக்கொள்ள மாலதிக்கு வாய் வரவில்லை. அந்தச் சாமியிடம் போய் அவர் கேட்டதற்கு எதிராகக் கேட்பது எப்படி?

வறண்ட குட்டையின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். ஓரத்துச் சேற்றில் கொக்குகள் நின்றன. கரையில் ட்ரோனைக் கவிழ்த்து வைத்து, முதலில் கேமராவை மாட்டினார்கள். டக். பறந்தது, இறங்கியது. ஒலிபெருக்கி. டக். பிறகு கறுப்புச் சாமானை இருவர் தூக்கி வந்தார்கள். மாலதி சொல்ல வேண்டிய வார்த்தைகளை நாக்கில் எடுத்து வைத்துக்கொண்டாள். உக்கார மாட்டேங்குது சார். குரலில் ஒரு வருத்தம் வேண்டும், கொஞ்சம் வெட்கம் வேண்டும்.

டக்.

முதல் இரண்டு தடவை கேட்ட அதே சத்தம். நாலு பிடியும் கவ்வியிருந்தன.

அவள் முட்டி போட்டுக் குனிந்து, தட்டின் உள்ஓரத்தில் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது, குழந்தையின் ஈறு மாதிரி.

பக்கத்தில் கண்ணாயிரமும் குனிந்தார். அவர் குரலில் ரகசியமும் பெருமையும் கலந்திருந்தன. “பாத்தீங்களா மாலதிம்மா? சொல்ல வாணாம்னுதான் இருந்தேன். அந்தப் புதுச்சேரிக்காரன் பிசிறு எடுக்காமயே அனுப்பிட்டான். ஓரத்துல இத்தினிக்கூண்டு துருத்திக்கிட்டு நின்னுச்சு. நேத்து வெரல வுட்டுப் பாக்கறேன், குத்துது. இதோட கொண்டாந்திருந்தா சாரு முன்னாடி உங்க மானம் என்னாவறது? ரெண்டு இழுப்பு, ராவி வுட்டுட்டேன்.”

வெளியிலிருந்து எந்தச் சாமான் வந்தாலும் கண்ணாயிரம் ஓரம் முழுக்க விரலை ஓட்டிப் பார்ப்பார். விரலைக் குத்துவது எதுவும் அந்தப் பட்டறையில் மாட்டப்பட்டதே கிடையாது. பத்துப் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கை இருப்பதால்தான் ஒரு தட்டும் இதுவரை திரும்பி வந்ததில்லை. எல்லாவற்றையும் யோசித்தவள் அந்த விரலை மறந்துபோனாள்.

“ஏம்மா, தப்பா ஏதாச்சும்—”

“இல்லண்ணே,” என்றாள். “நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க.”

ட்ரோன் எழும்பியது. சாம்பல் வானத்தில் அது பனைமர உயரம் போய், அதையும் தாண்டிப் போய், வட்டத்துக்கு மேலே நின்றது. பொத்தான் இருந்த பெட்டியைக் கார்த்திகேசன் கையில் கொடுத்தார்கள், மரியாதைக்காக. அவன் மாலதியைப் பார்த்தான். “நீ அமுக்குறியா? உன்னுதுதானே” என்று கேட்டான். கேலி இல்லை அதில். நிஜமாகவே அவளுக்குக் கொடுக்க நினைத்தான். அவள் தலையை ஆட்டினாள். அது வேண்டாம் என்றா, சரி என்றா என்று அவனுக்குப் புரிவதற்குள் ஞானசேகரன், “காத்து மாறுது தம்பி, விடுங்க” என்றார்.

விழுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தகடுகள் காற்றைப் பிடித்து நேராக்க, அது ஆடாமல் அசையாமல் மழுங்கிய முனை கீழாக வந்தது. சத்தம் பெரிதாக இல்லை. மாவு மூட்டையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு தொப். வட்டத்தின் நடுவிலிருந்து காய்ந்த சேறு பூவாக எழும்பி அடங்கியது. கொக்குகள் மொத்தமாகக் கிளம்பி, எங்கே போவதென்று தெரியாமல் குட்டைக்கு மேலேயே சுற்றின. ஞானசேகரன் கை தட்டினார். கார்த்திகேசன் கண்ணாயிரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். யாரோ லட்டு டப்பாவைத் திறந்தார்கள்.

மாலதி வட்டத்தை நோக்கி நடந்தாள். பள்ளம் ஆழமில்லை. கறுப்புச் சாமான் பாதி புதைந்து, இறக்கைகள் மட்டும் வெளியே தெரிய நட்டுக்கொண்டு நின்றது. சிமெண்ட் ஓரிடத்தில் வெடித்து வெள்ளையாகத் தூள் கொட்டியிருந்தது. சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே நிற்கிறோம் என்று காலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நகரத் தோன்றவில்லை. செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

“கண்ணு, இங்க ஒரே ரகள. பள்ளிக்கூடத்துல சொல்லிப்புட்டேன், வாத்தியாரம்மா புள்ளைங்க மொத்தத்தையும் கூட்டியாறேன்னுட்டாங்க. போன தடவ கைய ஏந்துச்சே தில்லையம்மா பேத்தி, இந்தத் தடவையும் நான்தான் வாங்குவேன்னு இப்பவே சண்ட. மைதானத்துல எடமெல்லாம் பெருக்கி, நடுவுல கோலமாவுல வட்டம் போட்டு வச்சிருக்குதுங்க. எங்க நிக்கணும்னு என்ன வந்து அரிக்குதுங்க.”

பின்னால் யாரோ “மேடம், லட்டு” என்று கூப்பிட்டார்கள். போனுக்குள் பிள்ளைகளின் சத்தம் அலையலையாக வந்தது. அதற்கு மேலே அம்மா உரக்கக் கேட்டாள்:

“ஏன்டி மாலதி, டப்பா எறங்குறப்ப புள்ளைங்க போன தடவையாட்டம் நேரா கீழயே நிக்கலாமில்ல?”