தெத்துப்பல்லின் தடம்

அந்த மாடி வீட்டில் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தவள் தங்கை. தேய்ந்தது அக்காவின் பல். பஸ் கட்டணம் இரண்டாம் முறை ஏறிய வருஷத்தில் இது தொடங்கியது. தங்கைக்குக் குடிநீர் அலுவலகத்தில் வேலை, புகார் கவுன்டரில். குழாயில் தண்ணீர் வராதவர்களும், வந்த தண்ணீரில் புழுவைக் கண்டவர்களும் அவளைத்தான் பிடித்துத் திட்டினார்கள், ஊர்த் தண்ணீரையெல்லாம் அவளே குடித்துத் தீர்த்துவிட்டதைப் போல. மேலதிகாரி உத்தரவுப்படி அவள் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டு, மேலே எழுதி அனுப்புவதாகச் சொல்வாள். பகலில் விழுங்கியதையெல்லாம் இரவில் மென்றாள். ஆனாலும் அவளுடைய பற்கள் நேற்று முளைத்தவை மாதிரி இருந்தன. பக்கத்துக் கட்டிலில் அக்கா, இடி விழுந்தாலும் எழாதவள், வாய் லேசாகத் திறந்திருக்கக் கைக்குழந்தை போலத் தூங்குவாள். விடிந்ததும் தாடையைப் பிடித்துக்கொண்டு எழுவாள்.

அக்கா தையல்காரி. முன்னறையில் மெஷினைப் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைத்தாள். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் அறுப்பாள். ஒருநாள் எத்தனை கடித்தும் நூல் அறுபடவில்லை. பல் டாக்டர் பார்த்துவிட்டு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றார். அக்கா சத்தியம் செய்யாத குறையாக மறுத்தாள். கடிக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று அவர் சிரித்துவிட்டு, கீழ்வரிசைப் பல்லுக்கு அளவெடுத்து, படுக்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு செய்து கொடுத்தார். அந்த வாரமே ஒரு காலை, தட்டைக் கழுவ எடுத்த தங்கை அதன் மேல் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தாள். தெத்துப்பல்லின் தடம். அக்காவுக்குத் தெத்துப்பல் கிடையாது. தட்டைத் தன் வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். அவளுடைய தெத்துப்பல் அந்தக் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. துடைத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போனாள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பயம்தான். தட்டுக்கு அடங்காவிட்டால் தாடைத் தசையில் ஊசி போட்டுத் தளர்த்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஊசி என்றாலே தங்கைக்கு உயிர் போய்விடும். இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டதில் அக்காவுக்கு ஊசி போட்டாகிவிட்டது. இரண்டு கன்னத்திலும் போட்டார்கள். தசை தளர்ந்து, மெல்ல முடியாமல் அவள் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்றாள். வலி மட்டும் இம்மியும் குறையவில்லை. மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று சில மாதம் கழித்துக் கூட்டிப் போட்டார் டாக்டர். அப்புறம் இடத்தை மாற்றிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் தங்கை கூடவே போய், அக்காவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி இறங்கும் நேரத்தில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பையும் இரவில் சேர்த்தே மென்றதால் அக்காவின் வலி முன்னைவிடக் கூடியது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பிறகு அக்காவின் கடைவாய்ப்பல் ஒன்று தூக்கத்திலேயே இரண்டாகப் பிளந்தது. மறுநாள் அவள் கட்டிலை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தங்கை ஏன் என்று கேட்டதற்கு, "நீ காலைல வேலைக்குப் போறவ. நான் முனகுறதுல உன் தூக்கம் கெட வேணாம்" என்றாள். தங்கை கட்டிலின் மறுமுனையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"கடிக்கிறது நான்க்கா. தட்டுல இருக்கிற தடம் என் பல்லு."

அக்கா டப்பாவைத் திறந்து தட்டைப் பார்த்தாள், தங்கையின் வாயைப் பார்த்தாள். அப்படியும் நடக்குமா என்று அவள் கேட்கவில்லை. ஒருத்தி கடித்து இன்னொருத்திக்குத் தேய்வதில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் எழுந்ததாகத் தெரியவில்லை.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றுதான் கேட்டாள்.

"தட்டு வந்த வாரத்துலேர்ந்து."

அக்கா மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கன்னத்தில் ஊசி ஏறிய இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டாள். அன்று முழுக்க, தங்கை காலில் விழாத குறையாகச் சுற்றிச் சுற்றி வந்தும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. விளக்குப் போடும் நேரத்தில், "நாளைக்கு லீவு சொல்லிடு" என்றாள்.

மறுநாள் தங்கை பல் டாக்டரின் நாற்காலியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சாய்ந்தாள். நன்றாக வலிக்கட்டும், அக்கா பட்டதில் பாதியாவது படட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தசை புடைக்கும் இடம் தெரிவதற்காக டாக்டர் அவளை இறுக்கிக் கடிக்கச் சொன்னார். பஞ்சின் ஈரம் பட்டது. இனி ஊசிதான் என்று காத்திருந்தவளிடம், முதல் ஊசி போட்டாயிற்று, பரவாயில்லையே, பயமே இல்லையே உங்களுக்கு என்றார் டாக்டர். அவளுக்கு எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா "அம்மா" என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

தங்கை அழுதாள். பிராயச்சித்தம்கூட அக்கா தலையில்தான் விடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. இதோடு நிறுத்திவிடலாம் என்று எழப் பார்த்தாள்; நிறுத்தினால் அக்காவின் மிச்சப் பற்களும் போய்விடும். டாக்டர் கதவைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு ஒரு ஸ்டூலை உள்ளே போடச் சொன்னார். வீக்கமும் அக்காவின் கன்னத்தில்தான் வந்தது. தங்கை ஐஸ் பையை அதில் ஒற்றினாள். "பட்டும் படாம வெக்காதே, அழுத்திப் பிடி" என்றாள் அக்கா. முந்தின நாளுக்குப் பிறகு அவள் தங்கையிடம் பேசியது அப்போதுதான்.

ஒரு வாரத்தில் தங்கையின் தாடை ஓய்ந்தது, அக்காவின் வலி போயிற்று. மருந்து நான்கு மாதம் தாங்கும். தீரும் சமயம் பார்த்து இருவரும் சேர்ந்தே போகிறார்கள். ஸ்டூல் இப்போது நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாகக் கிடக்கிறது. டாக்டர் தங்கையின் கன்னத்தில் ஊசியை இறக்கிவிட்டு, அக்காவைப் பார்த்து, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்கிறார்.