நன்றி: கவிதா, ஏற்காடு

தமிழ்ப் படத்தில் பைனாகுலர் கையில் கிடைத்த எவனாவது ஒரு பறவையைப் பார்த்ததாகக் கவிதாவுக்கு ஞாபகம் இல்லை. ஓடையில் குளிக்கிற பெண்ணைப் பார்ப்பான், எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பான், பார்த்து முடித்துச் செருப்படி வாங்குவான். கொஞ்சம் காசு போட்டு எடுத்த படமென்றால், அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெரியவர் குருவி பார்க்கப் போன இடத்தில் பிணத்தைப் பார்ப்பார். அடுத்த காட்சியில் அவரே பிணமாகக் கிடப்பார். டிவியில் இப்படி ஒன்று ஓடினால் போதும், கவிதா ரிமோட்டைத் தேடுவாள். அவள் புருஷன் ஜெயபிரகாஷ், வேன் ஓட்டுகிறவன், ரிமோட்டை முன்கூட்டியே ஒளித்து வைத்துவிட்டுச் சிரிப்பான்.

சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் உள்ள ஒரு காபி எஸ்டேட்டில் கவிதா ரைட்டர். ஆள் வருகை, கூலி, உரக் கணக்கு எல்லாம் அவள் பொறுப்பு. ஆபீஸ் திறக்கும் முன்பும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிடுவாள். புதிதாக எவராவது பார்த்தால் ஒரு மாதிரியாகத்தான் சிரிப்பார்கள். எஸ்டேட் பெண்கள் மட்டும் சிரித்ததில்லை. அதற்குக் காரணம் ராசம்மாள்.

ராசம்மாள் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மூத்தவள். காபிச் செடியில் கை வைக்கும்போது உள்ளே குருவிக்கூடு தெரிந்தால், வேலைக்கென்று மேலே சுற்றியிருக்கும் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து அந்தச் செடியின் உச்சியில் கட்டிவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் அந்தச் செடியைத் தொடாமல் தாண்டிப் போவார்கள். குஞ்சு பறந்த பிறகு துணியை அவிழ்த்து, அப்புறம்தான் கவாத்து, அதாவது கொப்பு வெட்டுவது. யாரும் உத்தரவு போட்ட பழக்கம் இல்லை இது. ராசம்மாளைப் பார்த்து மற்றப் பெண்களும் கட்டினார்கள். கவிதா ரைட்டராக வந்த பிறகு, துணி கட்டிய செடிகளை விட்டதற்காக யாருடைய கூலியிலும் கைவைக்கக் கூடாது என்று மேனேஜரிடம் வாதாடிச் சம்மதம் வாங்கினாள். அன்றிலிருந்து ராசம்மாளுக்கு அவள் ரைட்டர் அல்ல, கண்ணு.

"கண்ணு, மேக்காட்டுல மூணு துணி கட்டிருக்கறேன். போய்ப் பாரு. கொண்டைக்குருவி ஒண்ணு, மத்தது எனக்குப் பேரு தெரியல" என்பாள்.

ஒரு மழை நாளில், கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, முதல் துணியைக் கட்டிய கதையையும் அவள் கவிதாவிடம் சொன்னாள். இரண்டாவது தடவையும் கரு கலைந்து, ஒரு வாரம்கூடப் படுக்காமல் வேலைக்கு வந்த நாள் அது. செடியை வளைத்தபோது உள்ளே மூன்று முட்டை. "என்னால அந்தச் செடிய ஆட்ட முடியல கண்ணு" என்றாள். வேறு யாருக்கும் அவள் அதைச் சொன்னதில்லை, அதே எஸ்டேட்டில் வேலை செய்யும் புருஷன் மாரியப்பனுக்குக்கூட.

சங்கீதா வந்தது போன வருஷம். சேலத்துப் பெண், சென்னையில் ஒரு டைரக்டரிடம் உதவியாளர். ஏற்காட்டில் நடக்கிற கதை ஒன்றுக்காக இடம் பார்க்க வந்தவள், ஒண்டிக்கடை முக்கில் ஜெயபிரகாஷின் வேனில் ஏறினாள். அவன் வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊட்டுல ஒருத்தி குருவிக்குப் பின்னாலயே திரியறாங்க" என்று சொல்ல, அன்று சாயங்காலமே சங்கீதா வீட்டுக்கு வந்துவிட்டாள். லாட்ஜைக் காலி செய்துவிட்டு மீதி நாளெல்லாம் அங்கேதான் தங்கினாள். கவிதா வைத்த ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். விடியலில் எழுந்து கூடவே நடந்தாள். குளிர் காலத்து விருந்தாளியான ஆறுமணிக்குருவியை முதன்முதலாகப் பார்த்தபோது கவிதாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடிதான் கவிதாவைக் கவிழ்த்தது. இத்தனை வருஷத்தில், எஸ்டேட் பிள்ளைகளைத் தவிர, கூட நின்று பார்த்த முதல் ஆள் அவள்.

"ஏனுங்க்கா, சினிமாவுல உங்கள மாதிரி ஒரு ஆள எப்படிக் காட்டணும்னு நெனைக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

கவிதா யோசித்துச் சொன்னாள். "ஒண்ணும் பெருசா வேண்டாம் சங்கீதா. ஒரு பொம்பள சும்மா நின்னு பாக்கணும். எதுக்குப் பாக்கறேன்னு யாரும் கேக்கக் கூடாது. அவ்ளோதான்."

"நம்ம படத்துல பைனாகுலர் ஒரு பொண்ணு கையிலதாங்க்கா இருக்கும். ஒருத்தன் சிரிக்க மாட்டான். நான் பொறுப்பு."

அதற்குப் பிறகு கவிதா எதைத்தான் சொல்லாமல் வைத்தாள்? துணி கட்டுகிற வழக்கத்தைச் சொன்னாள். ராசம்மாளின் முதல் துணியையும் சொன்னாள். கேட்டுவிட்டுச் சங்கீதா அழுதாள். அது பொய் அழுகை என்று இன்றைக்கும் கவிதாவால் சொல்ல முடியவில்லை. எரிச்சலே அதுதான்.

படம் தை மாதம் வெளியானது. சங்கீதா போன் செய்து, "கட்டாயம் தியேட்டர்ல பாருங்க்கா, ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்றாள். கவிதா தனியாகப் போயிருக்கலாம், முதலில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்திருக்கலாம். சந்தோஷம் வந்தால் மனுஷருக்கு முன்யோசனை எங்கே வருகிறது? ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்குப் போக ஜெயபிரகாஷின் வேனில் ராசம்மாளையும் அவள் கூட வேலை செய்யும் பெண்களையும் ஏற்றினாள். "நம்ம துணி படத்துல வருதுங்க" என்று சொல்லித்தான் ஏற்றினாள். நல்ல சேலை, தலை நிறைய டிசம்பர் பூ. மாரியப்பன் முன்சீட்டில் மாப்பிள்ளை கணக்காக உட்கார்ந்துகொண்டான். அடிவாரம் தாண்டும்வரை வேனுக்குள் பாட்டும் கூத்தும்தான்.

படம் தொடங்கும் முன் நன்றி சொல்லும் பெயர்கள் வரிசையாக ஓடின. மந்திரி, காட்டிலாகா, எஸ்டேட் முதலாளிகள் எல்லாம் போன பிறகு, தனியாக ஒரு வரி: "நன்றி: கவிதா, ஏற்காடு." எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி சத்தமாகப் படித்தாள். வரிசையே கை தட்டியது. கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ராசம்மாள் அவள் தொடையில் தட்டி, "எங்க கண்ணு பேரு" என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் சொன்னாள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தக் காட்சி வந்தது.

பைனாகுலர் எந்தப் பெண் கையிலும் இல்லை. தொப்பியும் தொப்பையுமாக ஒரு காமெடி நடிகர் காபிக் காட்டுக்குள் பதுங்கி வந்தார். வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்தார். உதட்டில் விரலை வைத்து, பின்னால் வந்த பையன்களிடம், "சத்தம் போடாதீங்க சாமி, பறந்துரும்" என்றார். கவிதா முந்தானையால் அப்படித்தான் துடைப்பாள், எஸ்டேட் பிள்ளைகளிடம் அதே வார்த்தையைத்தான் சொல்வாள். வரிசையில் இரண்டு பேர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள், பாசமாகத்தான். பிறகு அவர் பைனாகுலரைத் தூக்கினார். ஓடையில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். தியேட்டரே விசிலடித்தது.

அத்தோடு விட்டிருந்தால் கவிதா தன் மானத்தோடு போயிற்று என்று இருந்திருப்பாள். குளித்து முடித்த பெண்களில் ஒருத்தி, இடுப்பில் கூடையோடு, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, சேலையைக் கிழித்து ஒரு காபிச் செடியின் உச்சியில் கட்டினாள். நடிகர் பல்லைக் காட்டி, "துணி கட்டிட்டாடா. இன்னைக்குப் புருஷன் ஊட்டுல இல்லைன்னு அர்த்தம்" என்றார். அடுத்த காட்டில் அத்தனை செடியிலும் துணி. "எஸ்டேட்டே நமக்காகக் காத்துக்கிட்டிருக்குடா" என்றார். சேலத்தில் அவ்வளவு சிரிப்பை ஒரே இடத்தில் கவிதா கேட்டதில்லை.

தன் வரிசையில் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. இடைவேளை விளக்கு எரிந்ததும் ராசம்மாள் எழுந்தாள். மற்றப் பெண்களும் எழுந்தார்கள். படம் முடியட்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாரியப்பன் மட்டும் கடைசியாக, படியில் நின்று பீடியை நசுக்கிவிட்டு வந்தான்.

மலை ஏறும்போது வேனுக்குள் எஞ்சின் சத்தம் மட்டும்தான். பாதி மலையில் மாரியப்பன் திரும்பாமலேயே கேட்டான். "ஏனுங் ரைட்டரம்மா, நெருப்பில்லாமப் பொகையுங்களா?"

"அது குருவிக்கூட்டுக்குக் கட்டறதுங்கண்ணா. உங்களுக்கே தெரியுமே."

"எனக்கு அப்படித்தான் சொன்னாங்க. நானும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தனுங்க."

ராசம்மாள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் நினைத்திருந்தால் அந்த நிமிஷமே முதல் துணியின் கதையைச் சொல்லி அவன் வாயை அடைத்திருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கதை இதற்குள் எங்கெல்லாம் போயிருக்குமோ என்று கணக்குப் போடுகிற முகமாக அது இருந்தது.

மறுநாள் அவள் சங்கீதாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பேரு பாத்தீங்களா? சண்ட போட்டுத் தனியாப் போட வெச்சேன்."

"அந்தக் காமெடிய எழுதுனது யாரு?"

"நான் துணியப் பத்தி நீங்க சொன்ன மாதிரியேதாங்க்கா கதை பேசறப்பச் சொன்னேன். டைரக்டருக்கு அது டல்லாத் தெரிஞ்சுது. காமெடிக்கு யூஸ் பண்ணலாமான்னு கேட்டாரு."

"எழுதுனது யாருன்னு கேட்டேன்."

"நான்தானுங்க்கா." பிறகு வேகமாகச் சொன்னாள். "நான் எழுதலேன்னா வேற யாராச்சும் எழுதிருப்பாங்க. இன்னும் அசிங்கமா எழுதிருப்பாங்க. அந்த சீன் ஹிட்டானதாலதான் எனக்குத் தனியாப் படம் பேசறாங்க. அதுல உங்கள நெஜமாக் காட்டுவேன். சத்தியமாங்க்கா."

"அந்தம்மா கதையச் சொன்னியா அங்க?"

"எந்தம்மா?"

மறந்தே போய்விட்டாள். அழுத கண் காய்வதற்குள் மறந்துவிட்டாள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அறுத்தவளுக்கு அறுத்ததுகூட நினைவில்லை என்றால் அதற்கு என்ன பெயர் என்று கவிதாவுக்குத் தெரியவில்லை.

"என்ற பேர எடுத்துரச் சொல்லு" என்றாள்.

"படம் ரிலீஸ் ஆயிருச்சுங்க்கா. இனி எப்படிங்க்கா எடுக்கறது?"

அந்த மாதத்திலேயே காட்சி எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. சுற்றுலா வந்தவர்கள் ரோட்டோரக் காபிச் செடிகளில் கைக்குட்டை கட்டி வீடியோ எடுத்தார்கள். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் குடித்துவிட்டு வந்த ஆண்கள் வேலைச் சேலையைப் பிரித்துக் கிழிசல் தேடினார்கள். ஒருத்தியை வேலைக்கே அனுப்பவில்லை. காலையில் பேர் கொடுக்க வரும் பெண்கள் கவிதாவிடம் பேரைச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. காட்டுக்குள் பைனாகுலரோடு போனால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அவளும் ஒரு பெண்தான் என்பது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அவள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

கவாத்து தொடங்கியது. கூடு கட்டுகிற பருவமும் அதுதான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த கவிதா, மூன்றாம் நாள் வெறுங்கையோடு மேக்காட்டுக்கு ஏறிப் போனாள். ஒரு செடியிலும் துணி இல்லை. ராசம்மாள் வரிசையின் முன்னால் இருந்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே கவிதா பேசினாள்.

"அக்கா, நான்தான் அவகிட்டச் சொன்னேன். நல்லதாக் காட்டுவான்னு நம்பிச் சொன்னேன். என்னையும் ஏமாத்திட்டாளுங்க."

ராசம்மாள் கத்தியைத் தாழ்த்தினாள். "தெரியுமுங்க ரைட்டரம்மா. உங்க பேரு நல்லதா வந்துச்சு, எங்க துணி கெட்டதா வந்துச்சு. அதுக்கு என்ன பண்றது."

அப்படிச் சொன்னதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கவிதா காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பாள். ராசம்மாள் அடுத்த செடிக்கு நகர்ந்து கொப்பை வளைத்தாள். உள்ளே கொண்டைக்குருவி உட்கார்ந்திருந்தது. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது, எழவில்லை.

"அக்கா, கூடு" என்றாள் கவிதா.

"பாத்தனுங்க."

"துணி கட்ட வேண்டாம். சும்மா விட்டுட்டுத் தாண்டிப் போங்க."

ராசம்மாள் வரிசையின் கோடியைப் பார்த்தாள். அங்கே மாரியப்பன் வேலையை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"அத்தனையும் வெட்டிட்டு இது ஒண்ண மட்டும் விட்டா, யாருக்கு விட்டேன்னு கேப்பாங்க" என்றாள் ராசம்மாள். "நீங்க போங்க ரைட்டரம்மா. நீங்க நின்னா இன்னும் மோசம்."

குருவி எழுந்து பறக்கட்டும் என்று அவள் கொப்பை இரண்டு தரம் தட்டினாள். பறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினாள். கவிதா இறங்கி ஆபீஸுக்கு நடந்தாள். பின்னால் கத்திச் சத்தம் ஒரு செடியையும் விடாமல் வந்துகொண்டே இருந்தது.