மாயம்மாள் பார்த்த பாதி

மட்டாஞ்சேரியில் இருக்கும் ஒரு தியேட்டருக்குப் போகிற தமிழ்ச் சனங்கள், டிக்கெட் எடுக்கும் முன் வாசலில் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போடும் மாயம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள்.

"ஹீரோ தாடி வளர்த்திருக்கான். அவன் ஷேவ் பண்றதுக்குள்ள நமக்கே தாடி வந்துரும்."

"அப்ப அந்த மலையாளப் படம்?"

"ஒருத்தன் முக்கால் மணி நேரம் மீன் கழுவுறான். எங்க வீட்டுக்கு வாங்க, சும்மாவே காட்டுறேன்."

நாடகங்களும் தப்பவில்லை. தியேட்டர் கதவைக் காக்கும் சேவியர், தங்கள் சர்ச் நாடகத்துக்கு அவளை அழைத்துப்போய் அவமானப்பட்டார். "தீர்ப்பு சொல்ற பிலாத்து வாட்சைக் கழட்டாமக் கை கழுவுறாரு சேட்டா. பின்ன எப்படி நியாயம் கிடைக்கும்?"

சேவியர்தான் அவளைக் காசில்லாமல் உள்ளே விடுகிறவர். ஒரே நிபந்தனை: இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் எழுந்துபோய் எண்ணெயைக் காய வைக்க வேண்டும். அதற்குப்பின் கூட்டம் அவளை விடாது. ஆக, பதினோரு வருடத்தில் ஒரு படத்தின் பின்பாதியைக்கூட அவள் பார்த்ததில்லை. இது சேவியருக்கு மட்டும் தெரியும். முன்பாதியில் மூஞ்சியைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடுவாள்.

பக்கத்து வீட்டுப் பொன்மணி சுள்ளிக்கல்லில் ஜாக்கெட் தைக்கிறவள். தமிழர் சங்க ஆண்டு விழாவுக்கு அவளே ஒரு நாடகம் எழுதி, அவளே நாயகியாக நடிக்கப்போகிறாள்.

"அக்கா, நல்லாருக்குன்னு நீ சொல்ல வேண்டாம்."

"சொல்லவும் மாட்டேன்."

"கடைசி வரைக்கும் உக்காந்து பாரு. அது போதும். ஒன்றரை மணி நேரம், இடைவேளை கிடையாது. எழுதி முடிக்க ரெண்டு வருஷம் ஆச்சுக்கா."

"பழம்பொரி வண்டிக்கே பூட்டு போட்டுட்டு வாரேன், போடி."

சொன்னபடியே வண்டிக்குப் பூட்டு போட்டுவிட்டு, ஞாயிறு நாலு மணிக்குச் சங்க ஹாலில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். நாடகத்தில், ஏலூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன புருஷன் இன்னொருத்தியோடு போய்விடுகிறான். மனைவி வருடத்துக்கு ஒரு சட்டை தைத்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் காத்திருக்கிறாள். 'திரும்பி வருவான், காலில் விழுவான், இவளும் அழுது சேர்த்துக்குவா' என்று மாயம்மாள் முதல் பத்து நிமிடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

மேடையில் புருஷன் கதவைத் தட்டினான். சரியாக அப்போது மாயம்மாளின் கால்கள் தாமாக எழுந்தன. தலை இன்னும் நாடகத்தில்தான் இருந்தது. அது எண்ணெய் காய வைக்கிற நேரம்; கால்களுக்குப் பதினோரு வருடப் பழக்கம். வாசலைத் தாண்டி, கையை நீட்டிக் கரண்டியைத் தேடினாள். கரண்டி இல்லை. சட்டி இல்லை. வண்டியே இல்லை.

திரும்பிப் பார்த்தால் பின்னால் நாற்பது பேர்.

"என்ன?" என்றாள்.

"நீ எந்திரிச்சா இன்டர்வெல்தானே?" என்றார் பிராட்வே துணிக்கடைச் சுப்புராஜ். "பழம்பொரி எங்க?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பொன்மணி வந்தாள். மேடைப் புடவை, முகமெல்லாம் பவுடர், கையில் தையல் கத்தரி.

"பிடிக்கலைன்னா நீ மட்டும் போக வேண்டியதுதானேக்கா? ஊரையே கூட்டிட்டா போவ?"

"பிடிக்கலைன்னு யாருடி சொன்னா?"

"பின்ன ஏன் எந்திரிச்ச?"

வேறு வழியில்லை. மாயம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இடைவேளைக்கு அப்புறம் நான் எதையுமே பாத்தது கிடையாது பொன்மணி. எண்ணெய் வைக்கப் போயிருவேன்."

சுப்புராஜ் ஒரு எட்டு முன்னால் வந்தார். "அப்ப அந்தப் படத்துல அண்ணன்தான் வில்லன்னு எப்படிச் சொன்ன?"

"மூஞ்சி அப்படி இருந்துச்சு."

"அவன்தான் கடைசியில கிட்னியே குடுத்தானாம்! உன்னை நம்பி நான் போகவே இல்லை!"

பொன்மணிக்குச் சிரிக்க நேரமில்லை. மாயம்மாளின் கையைப் பிடித்து இழுத்துப்போய், முதல் வரிசையில் உட்கார்த்தி, இடுப்பில் செருகியிருந்த ஊக்கை எடுத்து அவள் புடவைத் தலைப்பைப் பிளாஸ்டிக் நாற்காலியின் ஓட்டையோடு சேர்த்துக் குத்தினாள்.

"இப்ப எந்திரி பாப்போம்."

எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். புருஷன் மறுபடி கதவைத் தட்டினான். காலில் விழுந்தான். மனைவி பன்னிரண்டு சட்டைகளையும் எடுத்துவந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் தொப்பைக்கு மேல் பொத்தானிட வரவில்லை.

பொன்மணி அவனை மேலும் கீழும் அளந்தாள். "பன்னெண்டு வருஷம் யார் வீட்டுச் சோறோ. சட்டையும் அங்கேயே போய்த் தச்சுக்கோ." கதவைச் சாத்தினாள். திரை விழுந்தது.

விசில் அடித்தவர்களில் சுப்புராஜும் உண்டு. பவுடரைத் துடைக்காமலே பொன்மணி இறங்கி வந்து நின்றாள்.

"சொல்லுக்கா."

"தொப்பைக்குத் தலையணை கட்டின கயிறு வெளியே தொங்குச்சு."

"அப்புறம்?"

"அழும்போது புருஷனைப் பாக்காம எங்களைப் பாத்து அழுற. நாங்களாடி உன்னை விட்டுட்டுப் போனோம்?"

"அப்புறம்?"

மாயம்மாள் நாற்காலியில் நெளிந்தாள். பதினோரு வருடத்தில் வாயில் வராத ஒரு சொல், பழக்கமில்லாமல் முட்டிக்கொண்டு வந்தது.

"நீ அவனைச் சேத்துக்குவேன்னு நெனச்சேன்."

பொன்மணியின் முகம் பவுடரையும் மீறி மலர்ந்தது.

"இளிக்காதடி. வந்து ஊக்கைக் கழட்டு," என்றாள் மாயம்மாள். "நல்ல புடவை."