முறுக்கினால் படுத்துவிடும் மோட்டார்

ஆற்றின் நடுவில் மோட்டார் மறுபடியும் படுத்துக்கொண்டது. அடியோடு நின்றுபோயிருந்தால்கூடப் படகை ஓட்டிய அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. முழு வேகத்தில் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று இருமி, இளைத்து, படகை நகர்த்தவே போதாத முனகலாகிவிட்டது. மேலிருந்து மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று நேரே வந்துகொண்டிருந்தது. அவள் ஒரு துடுப்பைப் போட, பயணிகளில் ஒருவரான தபால்காரர் இன்னொன்றைப் போட, மணல் படகு உரசாத குறையாகக் கடந்து போயிற்று. அதன் அலையில், இன்னொரு பயணியான டீச்சரின் மடியிலிருந்த விடைத்தாள் கட்டு தண்ணீரில் விழுந்து தாள் தாளாகப் பிரிந்து மிதந்தது. டீச்சர் எட்டிப் பிடிக்கப் போய்ப் பாதி உடம்பு வெளியே தொங்க, அவள்தான் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

வேகத்தைக் குறைத்ததும் மோட்டார் ஒன்றுமே நடக்காத மாதிரி சீராக ஓடியது. அதைத் தூக்கி ஆற்றில் போட்டுவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

கரையில் அவள் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தோள் மூட்டு நழுவியதிலிருந்து அவரால் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்ப முடியாது. அதனால் படகு இவள் கைக்கு வந்தது. மோட்டார் வைத்தியம் மட்டும் அவர் பொறுப்பு. பயணிகள் இறங்க இறங்க, எல்லார் காதிலும் விழும்படி அவர் ஆரம்பித்தார்.

"நான் ஓட்டினப்போ ஒரு நாளாவது இது இப்படிப் பண்ணியிருக்கா? கைப்பிடியைப் பிடிச்சு அந்த முறுக்கு முறுக்கினா மெஷின் என்ன பண்ணும்? பொம்பளை கைக்கு அடங்க மாட்டேங்குது."

யாரோ சிரித்தார்கள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏறுங்க," என்றாள்.

"எங்கே?"

"படகுலதான். நீங்களே ஓட்டிக் காட்டுங்க. உங்க கைக்கு அடங்குதான்னு பார்ப்போம்."

கயிற்றை அவள் இழுத்தாள். அவர் இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் போவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். "ப்ளக்கு புதுசு. கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவியாச்சு. மோட்டார்ல ஒரு குறையும் இல்லை, தெரிஞ்சுக்கோ," என்றபடி முறுக்கினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பாதி ஆறு தாண்டவில்லை. மோட்டார் இருமியது, இளைத்தது, படுத்தது.

"இப்போ இது யார் கை?" என்றாள் அவள்.

பெட்ரோல் வரும் வழியில் இருக்கும் ரப்பர் குண்டை அவள் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாக உப்பியிருக்க வேண்டியது, சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது.

"டேங்க்ல இருந்து பெட்ரோலே வரலை."

"மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருக்கும்."

அவள் டேங்க் மூடியை முழுசாகவே கழற்றி வைத்தாள். "இப்போ முறுக்குங்க." முறுக்கினார். கொஞ்ச தூரம் போய், பழைய கதைதான். அப்படியானால் கோளாறு டேங்குக்கும் குண்டுக்கும் நடுவில். அங்கே குழாய் பலகைக்கு அடியில் போகிறது. அவள் பலகையில் கை வைத்ததும் அவர் குரல் மாறியது.

"அதை எதுக்குக் கிளப்புறே? அங்கெல்லாம் நான் பார்த்துட்டேன். கரைக்குப் போகலாம், சாயங்காலம் நான் சரி பண்றேன்."

பெயர்த்துப் பார்த்தாள். தடித்த கருப்புக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சள் பாரித்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று. பெட்ரோலில் ஊறி ஊறிக் கொழகொழவென்று ஆகியிருந்தது. மோட்டார் வேகமாக உறிஞ்சும்போது வளைவில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்தது. வேகம் குறைந்ததும் மெல்ல விரிந்தது.

"இது நம்ம வீட்டுத் தோட்டக் குழாய்தானே?"

அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"கேக்குறேன்ல?"

"பழசு வெடிச்சுப்போச்சு. கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரன் நாலு பேரை வச்சுக்கிட்டு, 'என்ன அண்ணே, அண்ணி படகு ஓட்டுறாங்க, நீங்க சோறு ஆக்குறீங்களாமே'ன்னான். திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கடைப் படி ஏறலை."

அவர் முகம் சிறுத்துப் போயிருந்ததைப் பார்த்தாள், பாவமாகக்கூட இருந்தது. அடுத்த கணமே அந்தப் பாவமும் கோபத்தோடு சேர்ந்து எரிந்தது.

"அவன் சொன்னது உங்களுக்குச் சுட்டுச்சு. அதையே கரையில நின்னு என்னைச் சொன்னீங்களே, எனக்குச் சுடாதா? குழாய் இதுன்னு தெரிஞ்சேதானே என் கை மேல பழி போட்டீங்க? அந்த டீச்சர் தண்ணியில போயிருந்தா? சொல்லுங்க, அப்பவும் என் கைதானா?"

அவள் கைப்பிடியை வாங்கி, மெதுவாகவே ஓட்டிக் கரை சேர்த்தாள். அலையில் நனைந்த துணியோடு நேரே கடைக்குப் போனாள்.

"என்ன அண்ணி, அண்ணன் வரலையா?" என்று கடைக்காரர் பல்லைக் காட்டினார்.

"வரமாட்டார். பெட்ரோல் குழாய் குடுங்க, நல்ல கருப்புக் குழாயா. ஆமா, அவர்தான் சோறு ஆக்குறார். நல்லாவே ஆக்குறார். அதுல உங்களுக்கு எங்க வலிக்குது?"

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் குழாயை அளந்து வெட்டினார்.

புதுக் குழாயை மாட்டி, அக்கரை வரை முழு முறுக்கில் போய்த் திரும்பினாள். மோட்டார் ஒரு இருமல்கூட இருமவில்லை. அதற்குள் மாலைப் பயணிகள் சேர்ந்திருந்தார்கள். மோட்டார் சரியாகிவிட்டதா என்று தபால்காரர் கேட்டார்.

"அவரையே கேளுங்க," என்றாள்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "குழாய்ல கோளாறு."

"யார் மாட்டின குழாய்?"

"நான் மாட்டினதுதான்," என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அந்த வார்த்தை காதில் விழுந்தால் மனசு ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள்; மோட்டார் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"நானும் வரட்டுமா?" என்று அவர் கரையிலிருந்து கேட்டார்.

"இன்னைக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, அவள் படகைத் திருப்பினாள்.