கல்லுருட்டி

நான்காவது சாமிப் படத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டுக் கதிரையிலிருந்து இறங்கினான் இளங்கீரன். செத்த வீட்டில் சாமிகள் முகம் காட்டக்கூடாதாம். பக்கத்து வீட்டு நாகபூசணி அன்ரியின் சட்டம். நேற்று அண்ணன் சிறிதரன் வேலைத்தலத்தில் விழுந்து செத்துப்போனார். ஆஸ்திரேலியாவில், கிரெய்கிபர்னில் அண்ணனும் தம்பியும் வாடகைக்கு இருந்த வீட்டை இன்று அன்ரிதான் ஆண்டுகொண்டிருந்தார்.

"இதையும் திருப்பு."

மேசைக்குப் பின்னால் தொங்கிய பெரிய படம். செப்புத்தகட்டில் கீறி அச்சடித்த பழைய ஐரோப்பிய வேலை. நரகத்து மலையில் ஒரு கிரேக்கன் அம்மணமாகப் பாறை உருட்டிக்கொண்டிருந்தான். உச்சிக்குப் போனதும் பாறை திரும்ப உருண்டுவிடும். பழைய சாமான் கடையில் கண்டெடுத்து, ரயிலில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார் அண்ணன். பதினொரு வருடமாக அந்தப் புட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இளங்கீரன் சோறு தின்றான்.

"இது சாமி இல்லை அன்ரி."

"அப்ப ஆர்? என்ன செய்தவனாம்?"

"சாவை ஏமாத்தினவன். அதுக்குத் தண்டனை."

"ஐயோ! செத்த வீட்டில வைக்கிற படமோ இது? சாமியெண்டாலும் திருப்பு, இல்லாட்டியும் திருப்பு. நாளைக்கு ஐயர் வாறார், இவனுக்குக் கோவணம்கூட இல்லை."

திருப்பினான். வாதாடச் சீவன் இல்லை.

போன் அடித்தது. கிளிநொச்சியிலிருந்து அண்ணி பிரியந்தினி, வீடியோவில். படகில் வந்த அண்ணனுக்குத் தற்காலிக விசா. பதின்மூன்று வருடமாக அவரும் ஊருக்குப் போகவில்லை, அவளையும் கூப்பிட முடியவில்லை. இப்போது முகம் பார்க்கவும் வரமுடியாது.

"தம்பி, அவர் இருந்த வீட்டை ஒருக்காக் காட்டுங்கோ."

காட்டினான். குசினி. கட்டில். மேசை.

"இது இல்லை."

"என்ன அண்ணி?"

"நீங்கள் வேற எங்கயோ நிண்டு காட்டுறியள்."

"இதுதான் அண்ணி வீடு! நான் ஏன் வேற வீட்டைக் காட்டுறன்?"

"பொய் சொல்லாதேங்கோ. கல்லுருட்டி எங்க?"

ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் அந்தப் படத்துக்கு முன்னால் கதிரை போட்டு, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் அவளோடு கதைப்பார். அவள் கண்ட ஆஸ்திரேலியா அவ்வளவுதான். விசா புதுப்பிக்கும்போதெல்லாம் "கல் திரும்பக் கீழ வந்திட்டுது" என்பார். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இளங்கீரன் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டுப் படத்தை மறுபடி முன்பக்கம் திருப்பினான்.

"டேய், துடக்கு வீடடா!"

"ஐயர் கேட்டா என்னைக் காட்டுங்கோ, அன்ரி."

போனுக்குள் அண்ணி கிட்ட வந்து பார்த்தாள். பிறகு, "கதிரையை வையுங்கோ. இன்னும் கிட்ட. ஓம். இப்ப நீங்கள் தள்ளி நில்லுங்கோ தம்பி, மறைக்குது."

தள்ளி நின்றான்.

படத்தின் கண்ணாடியில், பாறைக்குச் சற்றுக் கீழே, ஒரு தலையளவுக்கு எண்ணெய்க் கறை. அதைக் கண்டதும் அன்ரி ஈரத்துணியோடு வந்தார். இளங்கீரன் அந்தத் துணியை வாங்கி, போனைச் சுற்றி மேசையைத் துடைத்தான்.